செம்புச் சன்னமும் தேங்காயெண்ணெயும்

நான் மான் வேட்டைக்குப் போகிறவள் என்று யாரிடமாவது சொன்னால், கேட்டவர் உடனே திரும்பி என் கணவரைத்தான் பார்ப்பார். பாவம் மனுசன் என்று அந்தப் பார்வையில் எழுதியிருக்கும். அவர் சைவம். முட்டை போட்ட கேக்கை முகர்ந்துவிட்டு மேசையின் மறுகரைக்குத் தள்ளுகிற சைவம். நெற்றியில் திருநீறும் தலையில் தேங்காயெண்ணெயும் இல்லாமல் ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிவீட்டு வாசலைத் தாண்டமாட்டார். குளிர் தொடங்கினால் அந்த எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளை மெழுகாய் உறைந்துவிடும். அதற்காக மனுசன் எண்ணெய் வைப்பதை விட்டுவிடுவாரா? குளியலறைக் குழாயில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, போத்தலைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்பார். அவர் ஓட்டவேண்டிய பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் வெளியே நின்று கத்துவேன். "எண்ணெய் இளகட்டும்," என்று உள்ளே இருந்து நிதானமாகப் பதில் வரும்.

இப்படிப்பட்டவரின் மனைவி கையில் துவக்கு எப்படி வந்தது? எல்லாவற்றுக்கும் என் கைதான் காரணம். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சோதித்து, கிருமி நீக்கி, பொதி செய்து அனுப்புகிற பிரிவில் எனக்கு வேலை. கத்தரிக்கோலின் மூட்டு இறுகினாலும் இடுக்கியின் பல் பொருந்தாமல் போனாலும் என் மேசைக்குத்தான் வரும். எந்த மூட்டுக்கு எந்த எண்ணெய், எதற்கு எண்ணெயே ஆகாது என்ற விஷயத்தில் நான் பொல்லாதவள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னைக் கண்டால் எண்ணெய்ப் போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில், சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி ஒருத்தி புலம்பிக்கொண்டிருந்தாள். என் வயதுக்காரி, நோர்வீஜியப் பெண். தன் வேட்டைத் துவக்கின் மேலிருக்கும் தொலைநோக்கி ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஆடிப்போகிறதாம். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லையாம். வாயில் பாணோடு நான் சொன்னேன்: "திருகாணியில் எண்ணெய்ப் பசை இருக்கும். முதலில் அதைக் கழுவி எடு. பிறகு இறுக்கு." அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்த வார இறுதியில் நான் அவளுடைய கராஜில் நின்றேன்.

துவக்கு என்றால் எங்களுக்கு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சூட்டுப் பயிற்சித் திடலில் முதல் வெடி வெடித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், தூரத்தில் ஒரு கடதாசியில் சின்ன ஓட்டை. பக்கத்தில் இருந்த கிழவர் சொக்லேற் தின்றுகொண்டிருந்தார். யாரும் ஓடவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு அந்தப் பயம் திரும்பி வரவில்லை. ஆனால் கழற்றிப் பூட்டுகிற ஆசை வந்து தொற்றிக்கொண்டது. வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன், பொலிசிடம் அனுமதி எடுத்தேன், ஒரு பழைய துவக்கை வாங்கினேன். அழுக்கேறிய வால்நட் மரக்கட்டை, நீண்ட குழல், பின்னால் இழுத்துத் தள்ளிப் பூட்டுகிற போல்ட். அந்தப் போல்டுக்குள்தான் தோட்டாவின் பின்பக்கத்தை அடித்து வெடிக்க வைக்கிற ஊசியும் அதன் சுருள்வில்லும் இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கணவர் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"உமக்கு விசரே? நாங்கள் ஓடி வந்தது எதுக்கு? அதையே இஞ்சை காசு குடுத்து வாங்கிறதுக்கே?"

"நான் ஆளைச் சுடவே போறன்? மான் தானே."

"மான் என்ன பாவம் செய்தது?"

 பதிலுக்குக் கொஞ்சம் கோபப்பட்டேன். அது என் வழக்கம்.

துவக்கை அதன் பையில் போட்டு ரயிலில் திடலுக்குக் கொண்டுபோவேன். ஒரு முறை எங்களுக்குக் கிட்ட வெஸ்ட்லியில் குடியிருக்கும், கோயிலில் அடிக்கடி காண்கிற பெண் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். பையை மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா, வீணையோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். "உவ்வளவு ஒல்லியாய் இருக்கு?" "பழகிறதுக்குத் தானே," என்றேன். அடுத்த கிழமை கோயில் மண்டபத்தில் மூன்று பேர் வந்து, நவராத்திரிக்கு ஒரு கீர்த்தனையாவது வாசிக்கவேண்டும் என்று நின்றார்கள். கணவர் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். "வாசியுமன், ஊரே எழும்பி நிக்கும்," என்றார்.

இப்படிக் கழற்றுவதும் பூட்டுவதும் கடதாசியில் ஓட்டை போடுவதுமாகச் சில வருடங்கள் போயின. பிறகுதான் ஒரு வேட்டை அணியில் ஓர் இடம் காலியானது.

என் தாதித் தோழி ஒரு சின்ன வேட்டை அணிக்குத் தலைவி. ஒஸ்லோவிலிருந்து காரில் வடகிழக்காகப் போனால் அவர்கள் வேட்டையாடும் காடு வரும். அணியில் ஒருவர் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்து போனார். அந்த இடத்துக்கு அவள் என் பெயரைச் சொன்னாள். அவர்களுடைய வழக்கம் எளிது: புதியவர் முதல் நாள் வேட்டைக்கு வந்து கூட நிற்கவேண்டும், மாலையில் நெருப்படியில் எல்லோரும் தலையாட்டவேண்டும். ஒரு தலை ஆடாவிட்டாலும் இடமில்லை. ஆடாத தலை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அணியில் மூத்தவர், ஓய்வுபெற்ற தச்சர், பேச்சுக்கு வரிகட்டுகிறவர் மாதிரி வாயைத் திறக்கவே மாட்டார். என்னைப் பார்த்த முதல் நாள் மட்டும் அவர் கொஞ்சம் பேசினார்.

"சுட்டுத் தவறினால் எனக்குப் பரவாயில்லை. தவறாதவர் யார்? ஆனால் தன் துவக்கைத் தெரியாத ஆளோடு நான் ஒரே காட்டில் நிற்கமாட்டேன்."

எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. இந்த நாட்டில் எனக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, கோயிலில் எனக்கென்று ஒரு மூலையும் இருந்தது. ஆனால் இந்தச் சனம் வாய்திறந்து மனசுவிட்டுக் கதைப்பது அலுவலகத்திலும் இல்லை, அயல்வீட்டுக் கதவடியிலும் இல்லை. காட்டில், நெருப்பைச் சுற்றி, மரக்குற்றியில் இருக்கும்போதுதான். அந்தக் குற்றிகளில் ஒன்று என்னுடையதாக இருக்கவேண்டும்.

ஆகவே தோட்டா தேடத் தொடங்கினேன். அதுவரை கடதாசிக்குச் சுட்டது மலிவான பயிற்சித் தோட்டா. மானுக்கு அது ஆகாது, சட்டமும் விடாது. தோட்டாவின் நுனியில் இருந்து பறந்துபோகிற துண்டைத்தான் சன்னம் என்கிறோம். வேட்டைச் சன்னம் உடம்பில் பட்டதும் பூப்போல விரியவேண்டும். அப்போதுதான் மிருகம் உடனே சாகும். என் துவக்கின் குழல் ஆறரை மில்லிமீற்றர். அதற்கே கடைத் தட்டில் ஒரு சுவர் நிறையப் பெட்டிகள். பாரமானது, இலேசானது, ஈயம் வைத்தது, முழுச் செம்பு. அணியில் எல்லோரும் ஈயம் வைத்ததைத்தான் பாவித்தார்கள். நானும் அதையே எடுப்பதென்று போனேன். கணவரும் கூட வந்தார். துவக்குக் கடைக்கு மனைவியைத் தனியே அனுப்பக்கூடாது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

கடைக்காரர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வேகம், பாரம், தூரம் என்று கதை போனது. நடுவில் கணவர் தன் உடைந்த நோர்வீஜிய மொழியில் கேட்டார்:

"எதால் சுட்டால் ஆகக் குறைவாக நோகும்?"

எனக்கு மானம் போனது. ஆனால் கடைக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டு, மேசையில் முழங்கையை ஊன்றி யோசித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரோடு பேசத் தொடங்கினார். எங்கே படுகிறது என்பதுதான் முதல் விஷயம், தோளுக்குப் பின்னால் பட்டால் மான் ஒன்றும் அறியாது, அடுத்ததுதான் சன்னம் என்றார். இந்தக் காட்டு மான் ஆட்டுக்குட்டியளவு, கிட்டத்தில் சுடுவீர்கள், கெதியாக விரிகிற சன்னம் போதும். ஈயமும் நல்லாக விரியும், ஆனால் துகளாய்ச் சிதறி இறைச்சியில் நிற்கும். காட்டில் விட்டுவிட்டு வருகிற குடலைக் கழுகு தின்றால் அதற்கும் நஞ்சு. செம்பு சிதறாது என்றார்.

"கழுகுக்கும் நஞ்சோ?" என்று கணவர் என்னிடம் தமிழில் கேட்டார். கழுகு அவருக்குப் பெருமாளின் வாகனம். கதை அத்தோடு முடிந்தது. செம்புப் பெட்டி ஒன்றை எடுத்து, கோயிலில் கும்பத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்தார். "இது தான். கும்பத்துக்கும் செம்பு தானே வைக்கிறம்."

"அவையள் எல்லாரும் ஈயம் தான் பாவிக்கினம். நான் மட்டும் விண்ணாணம் காட்டேலாது."

"நஞ்சைப் பாவிக்கிறது வழக்கமெண்டால் அதுவும் செய்வீரோ?"

வாங்கினோம். வாங்கியபின் தொடங்கியது சீவன் போகிற வேலை. என் துவக்குக்குச் செம்பு பிடிக்கவில்லை. ஈயம் வைத்த பயிற்சித் தோட்டாவுக்கு ஒரு தேசிக்காய் அளவுக்குள் விழுந்த வெடிகள், செம்புக்கு ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்கு விரிந்து விழுந்தன. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் கடதாசி விரித்துத் துவக்கைக் கழற்றினேன். பழைய மரக்கட்டை ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தது. அது குழலில் ஒரு பக்கமாக முட்டிக்கொண்டு நின்றது. வெடிக்கும்போது குழல் அதிரும். மரம் இடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அதிரும். மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரஞ்சி இடைவெளி எடுக்கவேண்டும். எவ்வளவு? குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கடதாசி தடையில்லாமல் ஓடவேண்டும். தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியில் முடிந்துபோன நாளொன்றைக் கிழித்துச் செருகினேன். நடுவில் மாட்டியது. உரஞ்சினேன். மறுபடி செருகினேன். கணவர் எட்டிப் பார்த்து, "அது அட்டமி. நல்ல நாளாய்ப் பாத்துக் கிழியும்," என்றார். பகிடிதான். ஆனால் ஏகாதசியைக் கிழித்துத் தந்துவிட்டுத்தான் போனார், அது ஓடவும் செய்தது. இதைச் சொன்னால் என் தோழி நம்பமாட்டாள்.

பிறகு குழலுக்குள் ஊறியிருந்த பழைய கறையை மருந்து தோய்த்த துணியால் இழுத்து எடுத்தேன். துணி ஒவ்வொன்றும் நீலமும் பச்சையுமாய் வந்தது. கணவர் கோப்பியோடு பக்கத்தில் இருந்து, "மயில் நிறம்," என்று ரசித்தார். துணி வெள்ளையாய் வந்த பிறகு, பாரமான செம்புச் சன்னத்தை விட்டுவிட்டு இலேசானதை வாங்கினேன். இலேசானது வேகமாய்ப் போகும். வேகமாய்ப் போனால்தான் செம்பு நன்றாக விரியும். திடலில் அவர் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன. தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "ஒரு தேசிக்காய்க்குள்ளை," என்றார். புழுகம் தாங்காமல் நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் கொஞ்சம் யோசனையாக நின்றார். அந்த யோசனையை நான் கவனித்திருக்கவேண்டும்.

கடைசியாகப் போல்ட். குளிர்காட்டில் போல்டுக்குள் எண்ணெய் இருந்தால் தடித்துப்போய் ஊசியைப் பிடித்துவிடும் என்பது துவக்குக்காரருக்கு அரிச்சுவடி. நான் அதைக் கழற்றி, கழுவி, எலும்பு மாதிரி உலர்த்திப் பூட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

முதல் வேட்டை ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை, ஆயுத பூசை. அந்த நாளில் எங்கள் வீட்டில் அவருடைய பஸ்ஸைக் கிளப்புகிற திறப்பு, என் வேலைக் கத்தரிக்கோல், மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமிக்கு முன்னால் இருக்கும். அந்த முறை அவரே வந்து கேட்டார்.

"இஞ்சரும், துவக்கும் ஆயுதம் தானே. அதையும் வைப்பம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனுசன் கடைசியில் மனம் இளகிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் துவக்கு பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் இருக்கவேண்டும், வெளியே எடுத்தால் நான் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அது சட்டம். ஆகவே சாமி துவக்கிடம் வந்தது. களஞ்சிய அறையில், அலுமாரிக்கு முன்னால், பனிச்சறுக்குக் கட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பூசை. கற்பூரப் புகைக்கு எச்சரிக்கை மணி அலறாமலிருக்க என் குளியல் தொப்பியை அதற்கு மாட்டினார். போல்டைக் கழற்றித் தாம்பாளத்தில் பூவோடு வைத்தார். குத்துவிளக்குக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். நாளைக்கு அந்தத் தச்சரின் தலை ஆடவேண்டும் தாயே என்று கொஞ்சம் நீளமாகவே கும்பிட்டேன்.

பூசைக்கு வைத்ததை விடியும்வரை தொடக்கூடாது. எல்லாவற்றையும் அப்படியே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். விசயதசமி விடிய எழும்பி, சந்தனப் பொட்டோடேயே போல்டைச் செருகிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் அவர் நின்றார். "கவனமாய்ப் போட்டு வாரும்," என்றார்.

காட்டில் புல்லெல்லாம் உறைபனி. ஒரு பைன் மரத்துக்கு முதுகைக் கொடுத்து என்னை இருத்தினார்கள். மற்றவர்கள் காட்டின் மறுகரையிலிருந்து மெதுவாக நடந்துவந்து மானைக் கிளப்புவார்கள். தோட்டாவை ஏற்றும்போது போல்ட் கொஞ்சம் இறுக்கமாய் இருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அது வந்தது. சின்னக் கொம்போடு ஒரு கடா. எனக்கு முன்னால் பக்கவாட்டில், படத்தில் வரைந்ததுபோல நின்றது. தோளுக்குப் பின்னால் குறிவைத்தேன். மூச்சை விட்டேன். விசையை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். மான் காதை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலை நிலத்துப் பக்கமாகவே பிடித்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். மான் ஏதோ ஞாபகம் வந்ததுபோல நடந்து போனது. கொஞ்ச நேரம் பொறுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தேன். பின்பக்கத்தில் ஊசி பட்ட அடையாளம், பல்லுப்போனவர் முறுக்கைக் கடித்துப் பார்த்ததுபோல இலேசாக.

வோக்கிடோக்கியில் தோழியின் குரல் வந்தது. "உன் பக்கம்தான் வந்தது. ஏன் சுடவில்லை?"

"டிக் என்றது," என்றேன்.

 பிறகு தச்சரின் குரல். "நெருப்படிக்கு வா."

என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.  ஆஸ்பத்திரியில் எண்ணெய்க்காக ஊரையே ஏசுகிறவள் நான், கடைசியில் என் துவக்கே ஊமையாய் நிற்கிறது. எல்லோரும் குற்றிகளில் இருந்தார்கள். நான் போல்டைக் கழற்றி மடியில் வைத்துப் பிரித்தேன். அதற்குக் கருவி வேண்டாம், கை போதும். ஊசியை இழுத்தால், சுருள்வில் முழுக்க வெள்ளை மெழுகு. தச்சர் கையை நீட்டி வாங்கினார். மூக்கடியில் பிடித்தார். இன்னொரு முறையும் முகர்ந்தார்.

"தேங்காய்," என்றார்.

எனக்கு வந்த கொதியில் அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தேன். கை விறைத்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"இஞ்சருங்கோ, போல்டுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"ஏன்?"

"என்ன விட்டனீங்கள் எண்டு கேட்டனான்."

"பூசைக்கு வைச்சது எல்லே. ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். துருப்பிடிக்கக் கூடாதெண்டு." பிறகு குரல் மெல்லியதாய்: "ஏனப்பா, மான் வந்ததோ?"

"வந்தது."

"போயிட்டுதோ?"

"போயிட்டுது."

மறுபக்கத்தில் நிம்மதியாக ஒரு மூச்சு. "சரி, குளிருக்கை நிக்காமல் கோப்பியைக் குடியும்," என்று வைத்துவிட்டார்.

என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன், அந்த மூச்சையும் சேர்த்து. தோழி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். தச்சர் சிரிக்கவில்லை. கோப்பிக்குக் கொதித்த கேத்தலை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கழுத்துத் துணியால் ஒவ்வொரு துண்டாய்த் துடைத்து, நெருப்போரம் உலர்த்தி, திரும்பப் பூட்டி, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்த்தேன். ஊசி சுள்ளென்று அடித்தது. அவர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவக்கை இவளுக்குத் தெரியும்," என்று மற்றவர்களிடம் சொன்னார். "புருஷனைத்தான் தெரியாது."

மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு மான் வந்தது. ஒரு வெடி. நின்ற இடத்தில் விழுந்தது, கால்கூட உதறவில்லை. முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். சந்தோஷமும் துக்கமும் இரண்டும் இருந்தன, இரண்டையும் மறைக்கவில்லை. தச்சர் வந்து முழந்தாளிட்டு, சன்னம் போன வழியைப் பார்த்தார். "அது என்ன தோட்டா?" என்றார். செம்பு என்றேன். "யார் தெரிவு?" "புருஷன்," என்றேன். மாலையில் நெருப்படியில் அவருடைய தலைதான் முதலில் ஆடியது. மற்றத் தலைகள் தானாக ஆடின. எனக்கு ஒரு குற்றியைக் காலால் உருட்டித் தந்தார்கள்.

இறைச்சி தோழியின் கராஜில் தொங்கியது. எங்கள் வீட்டுக்கு அது வராது என்பது கலியாணத்தைவிடப் பழைய சட்டம். வாசலில் அவர் துவாயோடு நின்றார். "முழுகிப்போட்டு உள்ளுக்கை வாரும்," என்றார். பிறகு கேட்டார்: "வருத்தப்பட்டதோ?"

"இல்லை. நிண்ட இடத்திலை விழுந்தது."

"செம்பு தானே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எண்ணெய்க்காக நான் ஏசினேன். வாய் வலிக்குமட்டும் ஏசினேன். "பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சு," என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த அப்பாவி முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கதவு பாதி திறந்திருந்தது. அந்த வருடத்துக் குளிர் தொடங்கிவிட்டது. மனுசன் சுடுதண்ணீரில் போத்தலைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் இளகுவதற்காக நிற்கிறார். இத்தனை வருடக் குளிர்காலமும் நான் பார்த்த அதே நிலை. நான் வாசலில் அப்படியே நின்றேன். கண்ணாடியில் அவர் என்னைக் கண்டார்.

"இஞ்சருங்கோ."

"ம்."

"இது குளிருக்கு உறையும் எண்டு இந்த ஒஸ்லோவிலை உங்களைவிட ஆருக்குத் தெரியும்?"

அவர் குழாயை மூடினார். போத்தலைச் சரித்துப் பார்த்தார். 

"முதல் மானாவது தப்பட்டும் எண்டு அம்மாளிட்டைக் கேட்டனான்."

"கேட்டால் போதாதோ? எண்ணெயும் விடவேணுமோ?"

"நீர் குறி தப்பமாட்டீர். திடலிலை பாத்தனான் எல்லே, எல்லாம் ஒரு தேசிக்காய்க்குள்ளை. அம்மாள் தனிய என்ன செய்வா? ஆரும் கொஞ்சம் உதவவேணும்."

"என்ரை இடம் போயிருக்கும்."

"அதை நான் யோசிக்கேல்லை. அது என்ரை பிழை." உண்மையாகவே முகம் வாடிவிட்டது. "மானைத்தான் யோசிச்சனான்."

இன்னொருவராக இருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். ஆனால் தச்சரின் சொல் காதில் கேட்டது. இவரோடு குடும்பம் நடத்தி, பிள்ளை வளர்த்து, போல்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டப் பழகியவள் நான். கண்ணை மூடிக் கும்பிட்ட கொஞ்ச நேரத்தில் இந்த மனுசன் என்ன செய்வார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினேன். அவரும் பயந்து பயந்து சிரித்தார்.

அன்று ஓர் ஒப்பந்தம் செய்தோம். ஒவ்வொரு இலையுதிர்காலமும் எனக்கு முன்னால் வருகிற முதல் மானை நானே விட்டுவிடுவேன். விசைப் பக்கம் விரல் போகாது. அதற்குப் பதிலாக, அவர் என் போல்டுப் பக்கம் வரமாட்டார். அடுத்த வருடம் இதை நெருப்படியில் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. தச்சர் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். இப்போதெல்லாம் பருவத்தின் முதல் நாளில், எனக்கு நேரே ஒரு மான் நடந்து வந்தால், வோக்கியில் அவருடைய குரல் தாழ்வாகக் கேட்கும்: "உன் புருஷனின் மான் வருகிறது. போகவிடு." நான் போகவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் அது கடாவா, மறியா, எந்தப் பக்கம் போனது, திரும்பிப் பார்த்ததா என்றெல்லாம் விசாரணை நடக்கும்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆனால் நான் மனிசரை நம்பி ஏமாறுகிறவள் இல்லை. நவராத்திரி தொடங்கினால் வீட்டில் இருக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் துவக்கு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். இந்த வருடமும் பூட்டினேன். நேற்றுக் காலையில் அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிறது. மனுசன் திருநீறு பூசி, சீருடை போட்டு, தலையை மட்டும் வறட்சியாய் வைத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நிற்கிறார்.

"இஞ்சரும், திறப்பைத் தாரும். தலைக்கு வைக்கவேணும்."

நானே திறந்தேன். உறைந்துபோயிருந்த எண்ணெயைக் கரண்டியால் தோண்டி, அவர் உள்ளங்கையில் அளவாக வைத்தேன். போத்தலைத் துவக்குக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துப் பூட்டினேன்.

"உதென்னப்பா, எண்ணெயைப் போய்ப் பூட்டி வைக்கிறீர்?"

"ஆயுதம் எண்டால் பூட்டித்தான் வைக்கவேணும்," என்றேன். "சட்டம்."